ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

கண்ணைத் திறக்காம இருந்தா பயம் தெரியாதும்மான்னு சொல்லிட்டுப் போனான் அந்த ஸ்கேன் எடுக்கிற தம்பி. பயமா, எனக்கா? முப்பத்திரண்டு வருஷமா பெண்கள் காலேஜ்ல கணக்கு நடத்துறவ நான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி பீரியட்ல எழுபது பிள்ளைகளைத் தூங்க விடாம வச்சிருக்கேன், இந்த வெள்ளைக் குழாய் என்னை என்ன பண்ணிரும். தலைக்கு மேல கூடை மாதிரி ஒண்ணை மாட்டிட்டான், காதுல பஞ்சு, அதுக்கு மேல ஹெட்போன், கையில ஒரு ரப்பர் பந்து. முடியலைன்னா அமுக்குங்க, வெளிய எடுத்துருவேன், ஆனா நடுவுல எடுத்தா மறுபடி முதல்ல இருந்துதான்னான். அசையக் கூடாதாம், இருமக் கூடாதாம், எச்சிலைக் கூட பார்த்து முழுங்கணுமாம். சரிப்பா, கிடக்கேன். வெளிய என் மகள் உக்காந்திருக்கா, என் வளையல், கம்மல், கண்ணாடி எல்லாத்தையும் கைக்குட்டையில முடிஞ்சு மடியில வச்சுக்கிட்டு. பாப்பான்னுதான் கூப்பிடுவேன், முப்பத்தொரு வயசுப் பாப்பா. புனேயில இருந்து அடிச்சுப் பிடிச்சு வந்திருக்கா, எதுக்கு? நான் தொண்ணூத்தொண்ணைப் பகா எண்ணுன்னு போர்டுல எழுதிட்டேனாம். நானே போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னேன், வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். ஒப்பந்தம் வேற போட்டிருக்கா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா அவ இனிமே வாயைத் திறக்க மாட்டா, நான் பாளையங்கோட்டையில என் வீட்டுல, என் இஷ்டத்துக்கு, ரிட்டயர் ஆகிற வரைக்கும் பாடம் நடத்திக்கிட்டு இருக்கலாம். ஏதாவது இருந்துச்சுன்னா வேலையை விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, அவ கூட புனேக்குக் கிளம்பணும். சரின்னுட்டேன். இருந்தாத்தானே.

தொண்ணூத்தொண்ணு. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு, இது தெரியாதா எனக்கு? ரெண்டால போகாது, மூணால போகாது, அஞ்சால போகாது, பார்க்க அவ்வளவு சாதுவா இருக்கும், ஆளை ஏமாத்துற எண்ணுன்னு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறதே நான்தான். அன்னைக்கு நூறுக்குள்ள இருக்கிற பகா எண்களை வரிசையா எழுதிக்கிட்டே வாரேன், எண்பத்து மூணு, எண்பத்தொம்பது, தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தேழு. எழுதி, அடியில கோடு போட்டு, கையில இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில பல் தேய்க்கும்போது, வாய் நிறைய நுரையோட கண்ணாடியைப் பார்த்து, அடியே சண்முகவடிவு, தொண்ணூத்தொண்ணான்னேன். ஓடினேன் கிளாசுக்கு. ஏட்டி, நேத்து போர்டுல தப்பு இருந்துச்சே, ஒருத்திக்குமா தெரியல? தெரிஞ்சிருக்கு. பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க போட்டா சரியாத்தானே மேம் இருக்கும்னு ஒருத்தி. மூணாவது பெஞ்சு ஜெனிட்டா எந்திரிச்சு, சிலபஸ் மாத்திட்டாங்களோன்னு நினைச்சோம் மேம்ங்கிறா. சிலபஸ் மாறினா ஏழு பதிமூணு மாறிருமாட்டி! அத்தனை பேரும் அதை அழகா எழுதி, சிவப்பு மையில கட்டம் வேற போட்டு வச்சிருக்காளுக. மேம் சொன்னா வாயைப் பொத்திக்கிட்டு எழுதிக்கணும்னுதானே வளர்த்து வச்சிருக்கோம், அப்புறம் எங்க இருந்து கணக்கு வரும். எனக்கு என் மேல கூட கோவம் இல்ல, தெரிஞ்சும் சொல்லாம இருந்தாளுகளே, அதுதான் வயித்தெரிச்சல். இதைத்தான் பாப்பாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவ சிரிக்கல. நேரா வந்து நின்னு, என்னை மூளை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா.

டடடடடன்னு ஆரம்பிச்சிட்டான். ரோட்டை ஒடைக்கிற மெஷினைக் கொண்டு வந்து தலைமாட்டுல வச்ச மாதிரி இருக்கு. சத்தம்தானே, சத்தத்துக்கு நான் பயப்படுறதில்ல. இந்த மாதிரி நேரத்துக்குன்னு எனக்கு ஒரு எண்ணு உண்டு, பல்லு புடுங்கும்போது, பஸ்சு நெரிசல்ல, அவர் போன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல, எல்லா இடத்துலயும் அதைத்தான் கையில எடுப்பேன். பகா எண்ணுன்னா என்ன, ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மிச்சமில்லாம வகுபடாதது, அவ்வளவுதான். கோடிக்கணக்கான இலக்கம் உள்ளதை எல்லாம் கம்ப்யூட்டர் வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும், அதெல்லாம் தலைக்குள்ள நிக்காது. என்னோடது எட்டே இலக்கம். 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு. இதுல என்ன விசேஷம்னா, வலது பக்கம் இருந்து ஒவ்வொரு இலக்கமா அழிச்சுக்கிட்டே வந்தாலும் மிச்சம் நிக்கிறது ஒவ்வொரு தடவையும் பகா எண்ணுதான். கடைசி மூணை அழி, 7393913, உடையாது. இன்னொரு மூணை அழி, 739391, உடையாது. 73939. 7393. 739. 73. கடைசியில ஒத்தை ஏழு நிக்கும், அதையும் ஒண்ணும் பண்ண முடியாது. இதே மாதிரி அழிக்க அழிக்க நிக்கிற எண்ணு வேற சிலதும் இருக்கு, ஆனா எல்லாத்துலயும் பெரிசு இதுதான், இதுக்கு மேல கிடையாதுன்னு நிரூபிச்சாச்சு. இடது பக்கம் இருந்து அழிச்சா இந்த வித்தை பலிக்காது. முன்னால உள்ளதை எல்லாம் அழிச்சிட்டு நூத்தி முப்பத்து மூணுக்கு வந்தா, ஏழு பத்தொன்பதுன்னு பொசுக்குன்னு உடைஞ்சிரும். அதனாலதான் இதைப் பிடிக்கும் எனக்கு, எந்தப் பக்கம் உறுதின்னு தெரிஞ்ச எண்ணு.

எங்க விட்டேன், 739. இருபத்தேழோட வர்க்கம் எழுநூத்தி இருபத்தொம்பது, அதனால இருபத்து மூணு வரைக்கும் பார்த்தாப் போதும். ஏழுக்கு மிச்சம் நாலு, பதினொண்ணுக்கு ரெண்டு, பதிமூணுக்கு பதினொண்ணு, பதினேழுக்கு எட்டு, பத்தொன்பதுக்கு பதினேழு, இருபத்து மூணுக்கு மூணு. சபாஷ். பாரு, மண்டை கடிகாரம் மாதிரி ஓடுது, இதைப் போய் படம் எடுக்கானுக. 7393 இன்னும் அழகு. ஒண்ணைக் கழிச்சா 7392, அது ரெண்டால போகும், மூணால போகும், ஏழால போகும், பதினொண்ணால போகும், எல்லாருக்கும் பங்கு குடுக்கிற தாராளமான எண்ணு, பக்கத்துல ஒண்ணு கூடினதும் யாருக்கும் பிடி கொடுக்காது. அதோட இது ரெண்டு வர்க்கத்தோட கூட்டல், எழுபத்திரண்டோட வர்க்கமும் நாப்பத்தேழோட வர்க்கமும். ஐயாயிரத்து நூத்தி எண்பத்து நாலு, ரெண்டாயிரத்து இருநூத்தி ஒம்பது, கூட்டு, 7393. வந்துச்சா. வந்துச்சு. பாலைப் பொங்க விட்டேனாம், ஊருல யாரு விடல? சாவியைக் கதவுலயே தொங்க விட்டுட்டு காலேஜுக்குப் போனேனாம், அன்னைக்கு ஆட்டோக்காரன் அப்படி அவசரப்படுத்தினான். அந்த மூளை டாக்டர் என்னைப் பார்க்காமலே பாப்பாவைப் பார்த்துச் சொல்லுதாரு, இந்த மாதிரி கேஸ்ல புதுசாத் தெரிஞ்சதுதான் முதல்ல போகும், பழசு கடைசி வரைக்கும் நிக்கும்னு. நான் என்ன அங்க கிடந்த நாற்காலியா? என்கிட்ட சொல்லுங்க டாக்டர், எனக்குத்தான் புரியும்னேன். அவரு சிரிச்சு மழுப்பினாரு. புதுசு முதல்லன்னா வலது பக்கம் இருந்துதானே. போகட்டுமே. நேத்து வாங்கின கத்தரிக்காய் விலை போகட்டும், போன வாரச் சர்க்குலர் போகட்டும், உதிர்ந்தாலும் மிச்சம் நிக்கிறவ நானாத்தான் இருப்பேன்னு அவருகிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அதையும் வியாதின்னு எழுதிக்குவாரு.

சத்தம் நின்னுருச்சு. ஹெட்போன்ல தம்பி குரல், அம்மா நல்லா இருக்கீங்களா, அடுத்தது கொஞ்சம் நீளமா இருக்கும், அசையாதீங்கங்கிறான். நல்லாத்தான் இருக்கேன், நீ நடத்துப்பா. இப்ப கொர்ர்ர்னு வேற சத்தம், பல்லுக்குள்ள அதிருது. சரி, அடுத்தது. என் எட்டு இலக்க எண்ணுக்கு வலது பக்கம் இன்னொரு இலக்கம் சேர்க்க முடியாது, அதுதான் இதோட கடைசி எல்லை. ரெட்டைப்படை சேர்த்தா ரெண்டால போயிரும், அஞ்சு சேர்த்தா அஞ்சால. ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்பது, இந்த நாலுதான் மிச்சம். இலக்கத்தை எல்லாம் கூட்டினா முப்பத்தெட்டு, அதனால ஒண்ணு சேர்த்தா முப்பத்தொன்பது, ஏழு சேர்த்தா நாப்பத்தஞ்சு, ரெண்டும் மூணால போயிரும். ஒம்பது சேர்த்தாலும் உடையும், அதுக்கு எதுன்னு நான் எப்பவுமே மனப்பாடம் பண்ணினதில்ல. மூணு சேர்த்தா, 739391333, அது உடையறது எதாலன்னா, அது, அதுதான், வருஷா வருஷம் போர்டுல போடுவேனே. கிளாசே கை தட்டுமே. எதாலன்னா. என்னடா இது. சின்ன எண்ணுதான், மூணு இலக்கம்தான், நல்ல பிரபலமான எண்ணு வேற. எச்சில் முழுங்கணும் போல இருக்கு. முழுங்கினேன். கையில ரப்பர் பந்து வேர்த்துக் கிடக்கு, அமுக்கிறக் கூடாது, அமுக்கினா முதல்ல இருந்து. ஒண்ணும் இல்ல வடிவு, ஞாபகம் வரலைன்னா என்ன, வகுத்துப் பார்த்தா போச்சு, கணக்கு எங்க ஓடிப்போகுது. இதுக்குத்தான் கணக்கு.

நூறுக்குக் கீழ இல்ல, அது நல்லாத் தெரியும். நூத்தி ஒண்ணு, இல்ல. நூத்தி மூணு, மிச்சம் அறுபத்தஞ்சு. நூத்தி ஏழு, நாப்பது. நூத்தி ஒம்பது, இல்ல, எழுபத்தொன்பது நிக்குது. நூத்திப் பதிமூணு, பதினஞ்சு மிச்சம். அதுக்கு அப்புறம்? அதுக்கு அப்புறம் பொட்டல். நூத்திப் பதிமூணைத் தாண்டினா ரொம்ப தூரத்துக்கு ஒரு பகா எண்ணு கிடையாது, அதுக்கு முன்னால எங்கயும் அவ்வளவு பெரிய இடைவெளி வராது, பிள்ளைக எல்லாம் அங்க வந்துதான் தடுமாறும். நூத்திப் பதினேழா, அது ஒம்பது பதிமூணு. நூத்திப் பத்தொன்பது, ஏழு பதினேழு. நூத்தி இருபத்தொண்ணு, பதினொண்ணோட வர்க்கம். ஒண்ணும் இல்லாத இடத்துல நடந்துக்கிட்டே இருக்கேன், இந்த இடத்துலதான் அது நிக்குது, எனக்குத் தெரியும், இவ்வளவு நேரமா அதைச் சுத்திச் சுத்தித்தான் வந்துக்கிட்டு இருந்தேன். போன மாசம் ஒரு சாயங்காலம். போன் பேசி முடிச்சு வச்சேன். வீட்டு வேலைக்கு வர்ற பேச்சியம்மா பாத்திரம் விளக்கிக்கிட்டே, யாரும்மா போன்லன்னா. வாயைத் திறந்தேன். பேரு வரல. மகதான் பேசினா, அவ மூக்கு தெரியுது, சின்னதுல மாடிப்படியில விழுந்து நெத்தியில வாங்கின தழும்பு தெரியுது, பேரு வரல. சொந்தக்காரங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, நல்ல காரணம். அவளுக்கு வச்சது என் மாமியார் பேரு. ஆவுடையம்மாள். மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதுல்லா, அதனால பேர் வச்ச அன்னையில இருந்து நான் அந்தப் பேரைச் சொன்னதே இல்ல, எனக்கு அவ பாப்பாதான். அவ ஆபீஸ்ல அவளை ஏ.ஏ.ன்னு கூப்பிடுதாங்களாம், அவங்களுக்கே வாயில நுழையல. சொல்லாத பேரு எப்படி நாக்குல நிக்கும்? சரியான காரணம், யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். ஆனா பாப்பாங்கிறதும் வரலையே. அந்த நிமிஷம் அதுவும் வரலையே வடிவு.

டாக்டர் வேற என்ன வேற என்னன்னு கேட்டாரு. பால் சொன்னேன், சாவி சொன்னேன், தொண்ணூத்தொண்ணை நானே சிரிச்சுச் சொன்னேன். இதைச் சொல்லல. பக்கத்துல அவ உக்காந்திருந்தா, எப்படிச் சொல்ல, உன் பேரு எனக்கு வரலைன்னு பெத்த பிள்ளைகிட்ட. ஆனா இப்ப கேக்கேன். வகுபடாதுன்னு தெரிஞ்ச எண்ணாலயே வகுத்துப் பார்த்துட்டு, சந்தேகப்பட்ட ஒண்ணை மட்டும் நைசா விட்டுட்டு, ஆகவே இது பகா எண்ணுன்னு எழுதிக் குடுக்கிற பிள்ளைக்கு நான் எத்தனை மார்க் போடுவேன்? முட்டை. பேப்பரையே மூஞ்சியில விட்டெறிவேன். இங்க படுத்துக்கிட்டு, 739 உடையல 7393 உடையல, அதனால சண்முகவடிவுக்கு ஒண்ணும் இல்லைன்னு நானே எனக்கு முழு மார்க் போட்டுக்கிட்டு இருக்கேன். வெக்கமா இருக்கு. பயமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. கிடக்கட்டும். பொட்டல்ல நின்னு அழுதா வழி வந்துருமா, நட. நூத்தி இருபத்து மூணு, மூணால போகும். நூத்தி இருபத்தஞ்சு, அஞ்சு. நூத்தி இருபத்தேழு. நூத்தி இருபத்தேழு! போடு. எழுநூத்தி முப்பத்தொன்பதுல அஞ்சு தடவை, மிச்சம் நூத்தி நாலு. மூணை இறக்கு, ஆயிரத்து நாப்பத்து மூணு, எட்டு தடவை, மிச்சம் இருபத்தேழு. ஒம்பதை இறக்கு, இருநூத்தி எழுபத்தொன்பது, ரெண்டு, மிச்சம் இருபத்தஞ்சு. ஒண்ணு, இருநூத்தி அம்பத்தொண்ணு, ஒரு தடவை, மிச்சம் நூத்தி இருபத்து நாலு. மூணு, ஒம்பது தடவை, மிச்சம் நூறு. மூணு, ஏழு தடவை, மிச்சம் நூத்திப் பதினாலு. கடைசி மூணு, ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு, ஒம்பது தடவை நூத்தி இருபத்தேழு, ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு. மிச்சம் இல்ல. ஞாபகம் வரல, ஆனா கண்டுபிடிச்சேன். ரெண்டும் வேற வேறன்னு எனக்கு நல்லாத் தெரியும், இனிமே தெரியாத மாதிரி நடிக்கிறதா இல்ல. சொல்லிறணும். புனேன்னா புனே. அங்க மட்டும் பிள்ளைக கணக்குல பாஸாகவா செய்யுது, நாலு பேரு டியூசனுக்கு வராமலா போயிருவாங்க.

முடிஞ்சதும்மா, அசையாம சூப்பரா ஒத்துழைச்சீங்கன்னு தம்பி கூடையைக் கழட்டினான். ரிசல்ட் நாளைக்குச் சாயங்காலமாம். எந்திரிச்சு உக்காந்தா லேசாத் தலை சுத்துச்சு, கட்டில் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். வெளிய வந்தா பாப்பா கைக்குட்டை முடிச்சோட எந்திரிச்சு நிக்கா. முகம் வெளிறிப் போயிருக்கு, உள்ள போனது நானா அவளான்னு தெரியல.

"பயந்தியாம்மா?"

"நூத்தி இருபத்தேழு" ன்னேன்.

"என்னது?"

"அதை விடு. உக்காரு. நான் உங்க டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். உன்கிட்டயும் சொல்லல." அவ பக்கத்துல உக்காந்தேன். "போன மாசம் நீ பேசிட்டு வச்ச, பேச்சி யாருன்னு கேட்டா. எனக்கு உன் பேரு வரல. பாப்பான்னு கூட வரல."

அவ என் கையை எடுத்து வளையலை ஒவ்வொண்ணாப் போட்டுவிட்டா. நிமிர்ந்து பார்க்கல.

"தெரியும்மா. பேச்சிக்கா அன்னைக்கே போன் பண்ணிட்டாங்க. அம்மா ஒரு மாதிரி முழிச்சாங்கன்னு. அதுக்குத்தான் வந்தேன். தொண்ணூத்தொண்ணுக்கு எவளாவது பிளைட் டிக்கெட் போடுவாளா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஏட்டி, தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ மேம். நீ சொல்லாம நான் எப்படிச் சொல்ல?" சொல்லும்போதே அவ உதடு கோணிருச்சு. அழறாளா சிரிக்காளான்னு தெரியல, ரெண்டும்தான்னு நினைக்கேன். "நீயாச் சொல்லணும்னு இருந்தேம்மா."

சரிதான். நான் வளர்த்த கிளாசுதானே இதுவும். கண்ணாடியை வாங்கி மாட்டினேன். அவ முகம் தெளிவாத் தெரிஞ்சுது, நெத்தித் தழும்பு, அழுது சிவந்த மூக்கு, எல்லாம். கவுண்டர்ல இருந்த பொண்ணு, ரிசல்ட் வாங்க யாரு வருவீங்கன்னு கேட்டுச்சு. பாப்பா வாயைத் திறக்கிறதுக்கு முன்னால நான் முந்திக்கிட்டேன்.

"என் மக வருவா. பேரு ஆவுடையம்மாள்."

அவ சட்டுன்னு திரும்பிப் பார்த்தா, ஏதோ வேற ஆளைக் கூப்பிட்ட மாதிரி. "என்னம்மா இது, ஆச்சி பேரைச் சொல்லிட்ட?"

"கோவிச்சுக்கிட்டா வந்து கேக்கட்டும்" ன்னேன். "ஆவுடையம்மா, அந்தச் செருப்பை எடு. நாளைக்கு எட்டரைக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."